கணுக்கால் கடலில் ஒரு நெடுவளை

1

பிரபஞ்சத்தில் உள்ள எல்லாக் கடல்களும் ஆதிமுதல் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

என்ன கேள்வி என்பது எழுத்தாளருக்கு இன்னும் தெரியவில்லை. வாக்கியம் கம்பீரமாக வந்து உட்கார்ந்துவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை. கேள்வி பின்னால் மெதுவாக வந்து சேரட்டும் என்று இடம் விட்டுவைத்தார். ஐந்து மாதம் ஆகிறது, வந்தபாடில்லை.

ஆகவே வாசகரே, கம்பீரத்தை ஓரமாக வைத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். வேற்றுக் கிரகத்துக் கடலைப் பற்றிய இந்தக் கதை பிறந்தது ஒரு குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில். இரண்டாவது மாடி, கழிப்பறைக்கு அடுத்த அறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. எழுத்தாளரின் அக்கா அந்த அறையில் முப்பத்தொரு வருடமாகத் தண்ணீர் பார்க்கிறாள். ஏரியிலிருந்து வரும் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடு) விட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, அதற்குள் என்னென்ன நெளிகிறது, எத்தனை நெளிகிறது என்று எண்ணி எழுத வேண்டும். எண்ணிக்கை மிஞ்சினால் ஊருக்கே தண்ணீர் நிறுத்தப்படும். அப்படி நான்கு முறை நிறுத்தியிருக்கிறாள். தம்பி எழுத்தாளர். அவர் எழுதி இதுவரை எதுவும் நின்றதில்லை.

இன்னொரு விஷயம். இந்தக் கதையில் 'நான்' வராது. 'நான்' என்று எழுதினால் வாசகர் கதையை விட்டுவிட்டு ஆளை எடைபோட ஆரம்பித்துவிடுகிறார் என்பது எழுத்தாளரின் கொள்கை. எனவே 'இவர்' என்றே வரும். இவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். (இந்த 'எனக்கு' அடுத்த திருத்தத்தில் போய்விடும்.)

2

இரண்டு சூரியன்களும் மறைந்த அந்தப் பொழுதில், கடல் தன் மௌனத்தைத்

வேண்டாம். கடலும் மௌனமும் கைகோத்து வராத கதை ஒன்றைக்கூட இவர் எழுதியதில்லை. ஒருமுறை எழுதித்தான் பார்ப்போமே.

கிரகம் முழுக்கத் தண்ணீர். ஆனால் எங்கே இறங்கினாலும் கணுக்கால் அளவுதான். அங்கே வாழும் ஜீவன்களுக்கு ஆழம் என்றால் என்னவென்றே தெரியாது. மேலே ஒரு பளபளப்பு, கீழே ஒரு மணல், நடுவில் நாலு விரற்கடை. அதற்குள்தான் பிறந்து, முட்டி மோதி, உறவு கொண்டாடி, முறைத்துக்கொண்டு, முடித்துக்கொள்ள வேண்டும்.

சுழலி என்று ஒன்று இருக்கிறது. தலையில் இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றித் தண்ணீரை இழுத்து, தண்ணீரோடு வருவதைச் சாப்பிடும். நிறுத்தத் தெரியாது. தூங்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கனவில் என்ன சாப்பிடுகிறதோ.

நாணன் ஒரு காம்பின் நுனியில் மணி மாதிரி நிற்கும். பக்கத்தில் யாராவது வந்தால் போதும், காம்பு சுருள்கம்பியாகச் சுருண்டு அடியோடு ஒட்டிக்கொள்ளும். வந்தவர் போய்விட்டார் என்று உறுதியான பிறகு மெல்ல நிமிரும். அதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

பாதுகையன், உள்ளங்கால் வடிவம். எதிலாவது முட்டும். பின்வாங்கும். கொஞ்சம் திரும்பும். மறுபடி முட்டும். அதன் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான். எழுத்தாளருக்கு இதன்மேல் தனி வாஞ்சை.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. மேற்படி ஜீவன்கள் எழுத்தாளரின் கற்பனை என்று யாராவது நினைத்திருந்தால் நன்றி. அவை அக்கா தினமும் எண்ணுகிறவை. அவற்றுக்கு அறிவியல் பெயர்கள் இருக்கின்றன. அக்கா அவற்றைப் பதிவேட்டில் எழுதுவதோடு சரி. வாயில் வருவது வேறு. பெற்றோர் விட்டுப்போன மூன்று அறை வீட்டில்தான் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி செய்துகொண்டார், அது நிலைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது நடந்தது இது:

"என் மிக்ஸியத்தான் சுழலின்னு ஆக்கிட்டியா?"

"அது வேறக்கா. இது வேற்றுக் கிரகம்."

"தலையில ரெண்டு சக்கரம், நிறுத்தத் தெரியாது. எந்தக் கிரகமா இருந்தா என்ன, அது மிக்ஸிதான். செருப்ப?"

"பாதுகையன்."

"ம். மாப்பிள்ளைய?"

"நாணன்."

"அவனே பாவம் தொட்டதுக்கெல்லாம் சுருங்கிட்டு கெடக்கிறான். அவனுக்கு இந்தப் பேரு வேறயா?"

ஆனால் ஒரு ஜீவன் மட்டும் அக்காவுடையது அல்ல. அது முழுக்க முழுக்க இவருடையது. நெடுவளை. கணுக்கால் கடலில் அதற்கு நிகரான நீளம் எதற்கும் கிடையாது. கரிய, மெல்லிய, வில்லாக வளைந்த உடல். பார்வையின் விளிம்பிலேயே வாழும். நேராகப் பார்க்க முயன்றால் நழுவிவிடும். பார்ப்பவர் பார்க்கும்வரை மட்டுமே இருக்கும். மற்ற ஜீவன்கள் இரை தேடும்; நெடுவளை எதையும் தேடாது. அது ஆடும். அவ்வளவுதான்.

இதை அக்கா கடைசிவரை கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அக்கா போனில் கூப்பிட்டாள். "லேபுக்குக் கொஞ்சம் வாடா. ஒண்ணு பாக்கணும்." ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏன் போனாய் என்று இவர் கேட்கவில்லை. அப்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார்.

பஸ்ஸில் அரை மணி நேரம். அறையில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய, ஒற்றைக் குழல் நுண்ணோக்கி. அக்கா வலது கண்ணால் அதற்குள் பார்ப்பாள். இடது கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் பதிவேட்டில் எழுதுவாள். இரண்டு கண்ணுக்கும் இரண்டு உத்தியோகம். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

"வலது கண்ண வச்சு பாரு," என்றாள். "நடுவுல கறுப்பா ஏதாவது தெரியுதா? மை கொட்டின மாதிரி?"

இவர் கண்ணை வைத்தார். முதலில் வெறும் வெளிச்சம். இன்னும் நெருங்கினார். ஓரத்திலிருந்து ஏதோ ஒன்று நீண்டு வந்தது.

"இருக்குக்கா!"

"எங்க, நடுவுலயா?"

"நடுவுலன்னு... ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வருது. கறுப்பா, நீளமா, வளைஞ்சு... அக்கா, அசையுதுக்கா!"

"அசையுதா?"

"அசையுதா என்ன? நாட்டியம்! ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு. என்னது இது? இத்தன நாளா எனக்குக் காட்டவே இல்லயே நீ!"

அக்கா பதிவேட்டை மூடினாள். பிறகு, "அப்ப ஸ்லைடுலதான் இருக்கு," என்றாள்.

"பின்ன எங்க இருக்கும்?"

"எங்கயும் இல்ல. வா, வெளிய ஏதாவது சாப்பிட்டுட்டுப் போலாம்."

விளக்கை அணைத்தாள். நுண்ணோக்கிக்கு உறை போட்டாள். அதற்குள் மறுபடி பார்க்கவில்லை. ஏன் கேட்டாய் என்று இவரும் கேட்கவில்லை. இவர் மனதில் அப்போது பிரபஞ்சத்தின் எல்லாக் கடல்களும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன.

அக்கா சொன்ன கறுப்பு ஸ்லைடில் இல்லை. அவள் வலது கண்ணில் இருந்தது. இது தெரியவர மூன்று மாதம் ஆயிற்று.

4

(இதை எழுத்தாளர் இப்போதைக்குத் தாண்டிப்போகிறார். எழுதிவிட்டார். மடித்து வைத்திருக்கிறார்.)

5

அந்த மூன்று மாதமும் நெடுவளைக்கு நல்ல காலம்.

மாதாந்திர வாசகர் கூட்டத்தில் அதைப் பற்றி அறுபது பக்கம் வாசித்தார். வந்திருந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்க வந்தவர்கள். தலைமை தாங்கிய பேராசிரியர் கண்களை மூடியபடி கேட்டார். பிறகு கண்களைத் திறக்காமலே பேசினார். "நெடுவளை என்பது ஒரு ஜீவன் அல்ல, அறியப்பட மறுப்பதன் அரசியல். பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுவதற்கும் நடுவில் உள்ள அந்த நிரந்தரத் திரை. அது யாருடைய திரை என்பதே இந்தப் படைப்பு எழுப்பும் வினா."

அது யாருடைய திரை. எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டார் என்பது பேராசிரியருக்கே தெரியாது. இவருக்கும் அன்று தெரியவில்லை. அந்த வாக்கியத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொள்ளாத குறையாக வீட்டுக்கு எடுத்துவந்தார்.

வீட்டில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு தம்ளரை வைக்கப் போய், மேடைக்கு ஓர் அங்குலம் வெளியே வைத்தாள். உடைந்தது.

"பாத்து வைக்கக் கூடாதாக்கா?" என்றார் இவர்.

அந்த வாரத்தில் அது மூன்றாவது தம்ளர். அடுத்த வாரம் எவர்சில்வர் தம்ளர் வந்தது. நாம் நவீனமாகிக்கொண்டு வருகிறோம் என்று இவர் ஜோக் அடித்தார். அக்கா சிரித்தாள். எண்ணிக்கைதான் அவள் தொழில். உடைந்த தம்ளர்களையும் எண்ணியிருப்பாள்.

6

கண் மருத்துவர் ஓர் அம்மையார். அதிகம் பேசுகிறவர் அல்ல. அக்காவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், மறுபடி வெளிச்சம் அடித்தார்.

"எப்பலேர்ந்து இந்தக் கறுப்பு?"

"மூணு மாசமா இருக்கும்."

"உடனே வந்திருக்கலாமே. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. அப்பவே ஊசி போட ஆரம்பிச்சிருந்தா நடுப்பார்வைய முக்காவாசி காப்பாத்தியிருக்கலாம். என்ன வேல பாக்கறீங்க?"

"மைக்ராஸ்கோப்பு."

அம்மையார் பேனாவை வைத்துவிட்டார். "மைக்ராஸ்கோப்புல பாக்கறவங்க. கண்ணுல வந்தது தெரியாமலா இருந்தீங்க?"

"ஸ்லைடுல இருக்குன்னு நெனச்சுட்டேன் டாக்டர்."

அக்கா தம்பியின் பக்கம் திரும்பவில்லை. தம்பி சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரி உட்பட எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

ஊசி போட ஆரம்பித்தும் வலது கண்ணின் நடுவில் இருந்த மை காயவில்லை. ஓரங்கள் மட்டும் மிச்சம். இடது கண் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு இந்த வேலை தெரியாது. அலுவலகம் இரண்டு மாதம் விடுப்புக் கொடுத்தது. அது முடிந்ததும் ஒரு பரீட்சை: ஒரே ஸ்லைடை அக்காவும் எண்ண வேண்டும், மேலே உள்ள ஆய்வாளரும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவந்தால் அக்கா தன் நாற்காலிக்குத் திரும்பலாம். ஒத்துவராவிட்டால் கீழ்த்தளத்தில் கோப்புப் பிரிவு. அங்கே நெளிகிற எதுவும் கிடையாது.

விடுப்பில் போகும் முன் மேஜையைக் காலி செய்ய இவர்தான் உதவிக்குப் போனார். அப்போது சுவரிலிருந்து ஒரு தாளை உரித்தார். 4 அதைப் பற்றியது.

7

முடிவுகள். மூன்று தயாராக உள்ளன.

அ) கணுக்கால் கடலில் இரண்டு சூரியன்களும் ஒரே கோட்டில் வருகின்றன. நெடுவளை முதன்முறையாக விளிம்பை விட்டு நடுவுக்கு வருகிறது. சுழலிகள் சக்கரங்களை நிறுத்துகின்றன. நாணன்கள் சுருங்க மறக்கின்றன. பாதுகையன் முட்டாமல் நிற்கிறது. எல்லா ஜீவன்களும் அந்தக் கேள்வியை ஒருசேரக் கேட்கின்றன. (கேள்வி கிடைத்ததும் இந்த முடிவு பயன்படும்.)

ஆ) தம்பி அக்காவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அக்கா கண்ணீர் மல்க அவன் தலையை (இல்லை. அக்கா கண்ணீர் மல்கி இவர் பார்த்ததே இல்லை. பார்க்காததை எழுதிப் பட்ட பாடு போதும்.)

இ) தம்பி எதையும் சொல்லவில்லை. கதை அச்சாகிறது. நெடுவளை புகழ் பெறுகிறது. அக்காவுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

நேர்மையாகச் சொன்னால், எழுத்தாளர் மூன்றாவதற்குத்தான் மனதளவில் தயாராகியிருந்தார். தலைப்புக்குக் கீழே போடப் புகைப்படம்கூட எடுத்தாயிற்று.

8

ஆனால் அக்கா கேட்டாள். கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் படிக்க முடியாது. அந்த நேரத்துக்கு ஏதாவது வேண்டும். "அந்தக் கடல் கதைய முழுசா படிடா."

இவர் படித்தார். முதல் பக்கத்திலேயே அக்கா கையை உயர்த்தினாள்.

"இரு. உனக்கு மட்டும் இவரு, எனக்கு அவளா?"

"அது... ஒரு உத்திக்கா."

"வயசுல எட்டு மூத்தவ நான். சொந்தக் கதையில தனக்குத்தானே மரியாத போட்டுக்கிட்ட ஒரே ஆளு நீதான்டா."

திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்னால் எழுதியதை மாற்ற நேரமில்லை. இனிமேல் சரியாக வரும்.

இவன் தொடர்ந்து படித்தான். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. இவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐந்து" என்றான்.

"நாலு?"

"என்னக்கா?"

"மூணு முடிஞ்சுது. அஞ்சுன்ன. நாலு எங்க?"

"அது இன்னும் சரியா வரல. அப்புறமா..."

"முப்பத்தொரு வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன். எங்கிட்டயே நம்பரத் தாண்டுறியா? எடு."

4

(மடித்து வைத்திருந்தது. மரியாதை மட்டும் படிக்கும்போதே மாற்றப்பட்டது. இதோ.)

சுவரிலிருந்து உரித்த தாளை அக்காதான் ஆறு வருடத்துக்கு முன் எழுதினார். 'புதிதாகச் சேர்ந்தவர்கள் கவனத்துக்கு' என்று தலைப்பு. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புதியவர்கள் செய்யும் தவறுகளின் பட்டியல். தட்டச்சு செய்வதற்கு முன் இவனிடம் கொடுத்து, "தமிழ் சரியா இருக்கான்னு பாரு" என்றார். இவன் பார்த்தான். ஏழு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினான். ஒரு வார்த்தையும் படிக்கவில்லை.

நான்காவது வரி இது:

'வட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக, நீளமாக, வளைந்து ஆடுவது உயிரினம் அல்ல. அது உங்கள் கண்ணின் இமைமுடி. பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.'

மேஜை பாதி காலியாகியிருந்தது. இவன் கையில் பசை ஒட்டிய தாளோடு நின்றான். கறுப்பாக, நீளமாக, வளைந்து. அன்று தான் சொன்ன அதே மூன்று சொற்கள், அதே வரிசையில். அறுபது பக்கம். பேராசிரியரின் நிரந்தரத் திரை. அக்காவின் மூன்று மாதம்.

நெடுவளை என் இமைமுடி. (இந்த 'என்' திருத்தத்தில் போகாது.)

8, தொடர்ச்சி

படித்து முடித்ததும் இவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் அக்காவின் முகம் இருக்கும்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான்க்கா."

"அந்தத் தாளு இருக்கா? நாலோட நின்னுட்ட பாரு. அஞ்சப் படி."

இவன் ஐந்தாவது வரியைப் பார்த்திருக்கவே இல்லை. நான்கிலேயே தன் முகம் தெரிந்துவிட்டதால் அதற்குமேல் போகத் தோன்றவில்லை. இப்போது படித்தான்:

'வட்டத்தின் நடுவில் கறை தெரிந்தால், கண்ணை வைக்கும் மேல் வில்லையை (ஐபீஸ்) முதலில் திருப்பிப் பார்க்கவும். கறையும் சேர்ந்து திரும்பினால் அழுக்கு வில்லையில். அடுத்து ஸ்லைடை நகர்த்தவும். கறையும் நகர்ந்தால் அது ஸ்லைடில். இரண்டுக்கும் அசையாவிட்டால் கறை உங்கள் கண்ணில். அன்றே மருத்துவரைப் பார்க்கவும்.'

"யாரு எழுதினது?"

"நீதான்."

"வேலைக்குச் சேர்ற ஒவ்வொருத்தருக்கும் மொத நாள் சொல்லிக் குடுப்பேன். ஐபீசத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்னு நெனைக்கிற? ரெண்டு செகண்டு." அக்கா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் வைத்து லேசாகத் திருகிக் காட்டினார். "அன்னிக்குக் கை அதுமேல போச்சு. திருப்பல. உண்ம தெரியணும்னா திருப்பியிருப்பேன்டா. உன்ன எதுக்குக் கூப்பிடப் போறேன்?"

வாசகரே, இந்த இடத்தில் இவன் முகம் எப்படி இருந்தது என்று வர்ணிக்க இவனே தகுந்த ஆள் இல்லை. ஒரு மாதமாகத் தன்னை ஒரு குற்றவாளியாகப் பாவித்து, அதற்கேற்ற நடையும் பெருமூச்சும் பழகி வைத்திருந்தான். இப்போது பார்த்தால் இவன் வெறும் சாக்கு. அரை மணி நேரம் பஸ்ஸில் வந்த சாக்கு.

"நீ நாட்டியம்னு ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, இமமுடின்னு," என்றார் அக்கா. "ஆனாலும் கேக்க நல்லா இருந்துச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு நம்பிட்டேன்."

"அப்ப என் தப்பு இல்லயாக்கா?"

"ஏன் இல்ல? உன் அக்கா ஞாயித்துக்கிழம கூப்பிட்டு, கறுப்பா தெரியுதான்னு கேக்குறா. ஏன்க்கா கேக்குறன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணுச்சா உனக்கு?"

இவன் பேனாவை எடுத்தான். பிரபஞ்சத்தின் எல்லாக் கடல்களும் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரே கேள்வி அதுதான் என்று எழுதிவிட ஒரு கணம் கை துடித்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். எழுதவில்லை.

"கத நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா, எழுந்துகொண்டே. "அந்த ஜந்துவ மட்டும் எடுத்துடாத. ரொம்ப நீளமா வளத்துட்ட, வெட்டினா பாவம்."

9

இப்போது சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் கழித்துக்கட்டிய பழசு. அக்கா கேட்டு வாங்கிவந்தார். ஏரித் தண்ணீருக்குப் பதில் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீர். எறும்புக்கு அது கணுக்கால் ஆழம் இருக்கலாம்.

"இடது கண்ணு குமாஸ்தாடா," என்கிறார் அக்கா. "இத்தன வருஷம் எழுதிக்கிட்டே இருந்துச்சு. பாக்கக் கத்துக் குடுக்கணும்."

குமாஸ்தா வேலை காலியானதால் இவன் அதில் சேர்ந்திருக்கிறான். அக்கா இடது கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்ல இவன் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் நாளே நிபந்தனை போட்டார்: "நான் சொல்றத மட்டும் எழுது. சேக்காத."

"செருப்பு ஏழு. இல்ல இரு, ஒண்ணு முட்டிட்டுத் திரும்புது. ஏழுதான்."

ஏழு என்று எழுதினான்.

"மிக்ஸி ரெண்டு."

இரண்டு.

"மாப்பிள்ள ஒண்ணு. அடடா... சுருங்கிட்டான். இரு, வருவான்."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இவனுக்குப் பேனாவின் நுனியில் ஒரு உவமை வந்து நின்றது, நல்ல உவமை. மாப்பிள்ளை நிமிர்ந்தார். இவன் ஒன்று என்று மட்டும் எழுதினான்.

முதல் வாரம் ஒரே ஸ்லைடை அக்கா மூன்று முறை எண்ணினால் மூன்று எண்ணிக்கை வந்தது. போன வாரம் இரண்டு ஒத்துப்போயின. நேற்று, எண்ணுவதற்கு முன், அக்காவின் கை ஐபீஸின்மேல் போனது. இரண்டு விரலால் பிடித்து, முழுச் சுற்று திருப்பினார். பிறகு எண்ண ஆரம்பித்தார்.

பரீட்சை வரும் திங்கட்கிழமை. இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பக் கடைசி நாள் அதற்கு முந்தின சனிக்கிழமை. எனவே முடிவு இவனுக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அக்கா இரண்டாவது மாடியில் இருக்கலாம், கீழ்த்தளத்தில் இருக்கலாம். உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அதற்குமேல் உங்கள் பாடு.

சொல்ல மிச்சம் ஒன்றுதான். ஊசி போட்டு வந்தால் வலது கண்ணுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. விடுவது இவன் பொறுப்பு. அக்கா தலையை நாற்காலியில் சாய்த்து, கண்ணை அகலத் திறந்து, அசையாமல் காத்திருப்பார். சொட்டு விழும் நேரத்தில் இவன் தன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். பாதி மருந்து கன்னத்தில்தான் விழுகிறது.